கூழ்ச் சாலுக்கு வெட்டிய குழி

மண் உருண்டை சக்கரத்தை விட்டுக் கிளம்பி என் மடியில் வந்து உட்கார்ந்தது.

வேகமாக வரவில்லை. முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு, சரி போகலாம் என்று தீர்மானித்த மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. குந்தியிருந்த நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மல்லாந்தேன். சேற்றுத் தண்ணீர் வேட்டியெல்லாம் வழிந்தது. மண் என் வயிற்றின் மேல் சில்லென்று கிடந்தது.

படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த ஏகாம்பரத்தின் மீசையிலும் ஒரு சொட்டு தெறித்திருந்தது. ஏகாம்பரம் பக்கத்துத் தெருத் தறிக்காரன், என் சிநேகிதன். மீசையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"இன்னாபா மாணிக்கம், பானை சுத்தறியா, இல்ல புள்ள பெக்கறியா?"

முற்றத்தின் அந்தக் கோடியில் என் பெண்டாட்டி பச்சையம்மாள் ஒரு கலயத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டுப்பலகை ஒரு தட்டுகூடத் தவறவில்லை. "இன்னொரு தபா எறங்கிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

வைகாசி மாதக் கடைசி அது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆடிக்கு அதிக நாள் இல்லை.

சென்ற வாரம் கார்த்திகை அகல் வியாபாரத்தைப் பற்றி நான் அளந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு வாரமும் எழுதியதைப் பச்சையம்மாளுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பத்திரிகைக்குத் தபாலில் சேர்ப்பேன். போன வாரம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நல்லதையே எழுதிக்கினு போறியே, குழி வெட்டுனதை எப்போ எழுதப் போறே?" இதோ எழுதுகிறேன், தாயே.

அகல் மாணிக்கம்

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் என்னை மாணிக்கம் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. அகல் மாணிக்கம் என்று சொல்ல வேண்டும். அகலும், பானை மூடுகிற மடக்கும், சின்னக் கலயமும்தான் என் கைவேலை. அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

அகல் சுற்றுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சக்கரத்தின் மேல் பெரிய குவியலாகத்தான் மண்ணை வைப்போம். ஆனால் வேலையெல்லாம் உச்சியில்தான். எலுமிச்சம்பழ அளவு உச்சி மண்ணை மட்டும் இரண்டு விரலால் பிடித்து நடுவுக்குக் கொண்டுவந்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் அகல். நூலால் அறுத்து இறக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். கீழே இருக்கிற குவியல் கள்ளுக்கடையிலிருந்து வருகிறவனாட்டம் ஆடினாலும் நமக்கென்ன? உச்சி நின்றால் போதும்.

பெரிய பானைக்கு அந்த ஜம்பம் பலிக்காது. வைத்த மண் முழுவதும், அடி முதல் நுனி வரை, சக்கரத்தின் நட்டநடுவில் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு விரற்கடை விலகினாலும் பானையின் சுவர் ஒரு பக்கம் கனத்து மறுபக்கம் மெலிந்துபோகும். எலுமிச்சம்பழ அளவு மண் நான் சொன்னதைக் கேட்கும். பூசணிக்காய் அளவு மண் கேட்காது. அது சொல்வதை நான் கேட்க வேண்டியிருந்தது.

எனக்கு அதுவரை அந்தத் தொல்லையே வந்ததில்லை. பெரிய பானையெல்லாம் என் அண்ணன் பாடு. நான் சின்னது, அவர் பெரியது என்று எங்கள் நைனா காலத்திலேயே பிரித்துவிட்டார்கள். பங்குனியில் அண்ணன் வேலூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு மேஸ்திரியாகக் கிளம்பிவிட்டார். போகும்போது என் தோளைத் தட்டி, "ஆடிக்கு சாலு நீதாண்டா" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டார்.

அம்மன் தெருக் கூழ்

சால் என்றால் சாதாரணப் பானை இல்லை. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தால் விரலோடு விரல் தொடாது. ஆடி வெள்ளியில் எங்கள் தெரு அம்மன் கோயில் வாசலில் அதை வைப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக் கொண்டுவந்து அந்த ஒரே சாலில் ஊற்றுவார்கள். எந்த வீட்டுக் கூழ் கெட்டி, எந்த வீட்டுக் கூழ் தண்ணீர் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. எல்லாம் கலந்து தெருக் கூழ் ஆகிவிடும். அதன் பிறகுதான் வார்ப்பார்கள்.

அந்தச் சால் வருடா வருடம் புதிதாக இருக்க வேண்டும். ஒரே மண்ணில் எழுந்ததாக இருக்க வேண்டும். ஒட்டுப் போட்டது அம்மனுக்கு ஆகாது. சால் செய்த வீட்டுக்காரனுக்கு மஞ்சள் துணியைத் தலையில் கட்டி முதல் கரண்டிக் கூழை வார்ப்பார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டைத் தவிர வேறு வீட்டுக்கு அந்தத் துணி போனதில்லை.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. பச்சையம்மாள் தாமல்காரி. தாமலில் அவள் பிறந்த வீட்டார் அத்தனை பேரும் சால் சுற்றுகிறவர்கள். அவளுடைய அண்ணன் குப்புசாமி, என் மச்சான், ஒரு வஸ்தாது. ஏரி மண்ணை வைத்துக்கொண்டு அவர் எழுப்புகிற சாலில் ஓர் ஆள் இறங்கிக் குளிக்கலாம் என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணை அகல்காரனுக்குக் கொடுத்துவிட்டார்களே என்று எங்கள் கல்யாணத்திலேயே ஒரு கிழவர் என் காதுபடச் சொன்னார். அவர் நன்றாக இருக்கட்டும்.

சித்திரையில் ஒரு காதுகுத்துக்குத் தாமல் போய்வந்த பச்சையம்மாள், முந்தானையில் முடிந்திருந்த வேர்க்கடலையை முறத்தில் கொட்டிக்கொண்டே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"இந்த வருசம் சாலுக்கு நீ கவலைப்படாதய்யா. எங்க அண்ணன் செஞ்சு வண்டியில கொண்ணாந்து எறக்கறேன்னு சொல்லிட்டாரு."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"யாரைக் கேட்டுச் சொன்னாரு? நான் இன்னா செத்தாப் பூட்டேன்?"

"ஒனக்குத்தான் வராதே" என்று அவள் கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

என் தெருவில், என் அம்மன் கோயில் வாசலில், என் பெண்டாட்டி பார்த்துக்கொண்டு நிற்க, மஞ்சள் துணி மச்சான் தலையில் ஏறப்போகிறது. ஒரு வருடம் ஏறினால் அதுவே வழக்கமாகிவிடும். நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. "சால் நான்தான் எழுப்புவேன். இல்லேன்னா சக்கரத்தை ஒடைச்சு அடுப்புல வச்சுடு" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்துதான் மண் என் மடிக்கு வந்துபோகத் தொடங்கியது.

ஏகாம்பரத்தின் யோசனை

மீசைச் சேற்றைத் துடைத்த ஏகாம்பரம் அன்றைக்குப் போய்விட்டான். ஆனால் அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனி பிறந்து சில நாள் கழித்து மறுபடி வந்தான்.

இங்கே காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் தறிக்கு முன்னால் தரையில் ஒரு குழி இருக்கும். அதில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, கீழே மிதிகட்டையை மிதித்துக்கொண்டு மேலே நெய்வார்கள். காலையில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள். ஏகாம்பரம் அதற்கும் எழுந்திருக்க மாட்டான். சாப்பாடு குழிக்கே வரும். அவன் கைக்குழந்தை தவழ ஆரம்பித்தபோது, எங்கும் ஓடாமல் இருக்க அதைத் தூக்கிக் குழிக்குள் விட்டுவிட்டான். அது பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு மாமனார் வந்தபோது, "குழியில உக்காருங்க மாமா, சொகமா இருக்கும்" என்று உபசாரம் செய்தவன் அவன். உலகத்தில் எந்த வேலையையும் குழியில் இறங்கிச் செய்தால்தான் உருப்படும் என்பது அவன் சித்தாந்தம்.

"நீ உக்கார்றதே தப்புபா" என்று ஆரம்பித்தான். "குந்திக்கினு வேலை செஞ்சா பலமெல்லாம் முட்டிக்கே பூடுது. கைக்கு எங்கேருந்து வரும்? என்னைப் பாரு. காலு கீழ. இடுப்பு தரை மேல. நாள் பூரா நெய்யறேன், ஒரு இழை விலகுதா?"

விலகாதுதான். அவன் நெய்த சேலையில் யாரும் குறை கண்டதில்லை.

"அதனால?"

"அதனால இன்னா அதனால? சக்கரத்துக்கு முன்னால ஒரு குழி வெட்டு."

எனக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. மண்ணோடு மல்லுக்கட்டித் தோற்றுக்கொண்டிருக்கிறவனுக்கு எது சொன்னாலும் ஞானமாகத்தான் படும். பச்சையம்மாள் அன்றைக்குச் சின்னக் காஞ்சிபுரத்துப் பக்கம் கூடையில் கலயம் எடுத்துக்கொண்டு விற்கப் போயிருந்தாள். அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் கடப்பாரையை எடுத்தேன். ஏகாம்பரம் அளவு சொன்னான்.

எங்கள் சக்கரம் எப்படி நிற்கிறது என்பதைச் சொன்னால்தான் மேலே நடந்தது விளங்கும். தரையில் ஒரு முளையை ஆழமாக நட்டிருப்போம். அதன் தலையில்தான் அவ்வளவு கனமான சக்கரமும் உட்கார்ந்து சுற்றும். ஒரு கோலைச் சக்கரத்தில் கொடுத்து வேகமாகச் சுழற்றிவிட்டால் கொஞ்ச நேரத்துக்குத் தானே ஓடும். எல்லாம் அந்த முளையின் பிடிப்பில்தான் இருக்கிறது.

பாதி வெட்டியபோது எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. "ஏம்பா, முளைக்கு ரொம்பக் கிட்ட வெட்டறமோ?"

"தறிக்கும் குழிக்கும் நடுவுல எவ்ளோ இருக்குது? ஒரு சாண்கூட இல்ல. எந்தத் தறி விழுந்துச்சு, சொல்லு?"

வாஸ்தவம்தான், எந்தத் தறியும் விழுந்ததில்லை. தறி சுற்றாது என்பது அந்த நேரத்தில் எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மண்ணுக்கு நடுவில்

குழியில் இறங்கிக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தேன். ஆகா! முட்டி வலி இல்லை, முதுகு வலி இல்லை. ஜமீன்தார் மாதிரி இருந்தது. சும்மா ஓர் அகல் சுற்றிப் பார்த்தேன். வழவழவென்று வந்தது. ஏகாம்பரம் தொடையைத் தட்டிக்கொண்டு, "ஷோக்கா கீதுபா! இத்தினி வருசமா கொசவர் தெருவுல ஒருத்தனுக்கும் இது தோணலியே" என்றான். எனக்கும் எங்கள் முன்னோர்கள் மேல் கொஞ்சம் இளக்காரம் உண்டானது.

பிறகு சாலுக்கான மண்ணை ஏற்றினோம். தூக்கி வைக்க இருவரும் வேண்டியிருந்தது. ஏகாம்பரம் கோலைக் கொடுத்துச் சக்கரத்தைச் சுழற்றினான். நான் உடம்பின் பாரத்தையெல்லாம் கையில் இறக்கி மண்ணின் மேல் சாய்ந்தேன்.

மண் ஆடியது. நான் அமுக்கினேன். அது இன்னும் ஆடியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அமுக்கினேன். பொதக் என்று ஒரு சத்தம் கேட்டது.

முளை என் பக்கம் சாய்ந்தது. குழியின் சுவர் இடிந்து உள்ளே விழுந்தது. சக்கரம் தலை கவிழ்ந்து என்னைப் பார்த்தது. சாலுக்காக வைத்த மண் மொத்தமும் என் மடி வழியாகக் குழிக்குள் இறங்கி, இடுப்பு வரைக்கும் என்னைப் புதைத்துவிட்டது. கடைசியாகச் சக்கரம் வந்து குழியின் விளிம்பில் சாய்ந்து, சாப்பாட்டுக்கு இலை போட்ட மாதிரி என் நெஞ்சுக்கு முன்னால் நின்றது.

"அசையாதே" என்றான் ஏகாம்பரம். நான் எங்கே அசைய!

அவன் என் அக்குளில் கை கொடுத்து இழுத்தான். நான் வரவில்லை. மறுபடி இழுத்தான். என் வேட்டி மட்டும் உள்ளே நழுவுவது எனக்குத் தெரிந்தது. "இழுக்காதே, இழுக்காதே, மானம் பூடும்" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்துத்தான் படல் திறந்தது.

பச்சையம்மாள் தலைக் கூடையை இறக்கி வைத்தாள். சும்மாட்டைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். ஏகாம்பரத்தைப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது?"

"குழி" என்றேன்.

"அது தெரியுது."

ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்தான். "தங்கச்சி, யோசனை என்னுது. ஆனா வெட்டுனது அவருதான்."

துரோகி!

பச்சையம்மாள் என் முகத்துக்கு நேராகக் குந்தினாள். "இத்தினி நாளா மண்ணை நடுவுக்குக் கொண்ணார முடியலே, முடியலேன்னியே. இப்போ நீயே மண்ணுக்கு நடுவுல வந்துட்டே" என்றாள். அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சத்தம் கேட்டுப் பக்கத்துத் தெருத் தறிகளெல்லாம் நின்றன. தறிக்காரர்கள் வந்து சுற்றி நின்று, சிக்கெடுப்பதைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். ஒருவர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கடைசியில் நான் அகல் அறுக்கிற அதே நூலால் பச்சையம்மாள் என்னைச் சுற்றி மண்ணை அறுத்தாள். பிறகுதான் நான் வெளியே வந்தேன்.

இந்த இடத்தைப் படித்துக் காட்டியபோது அவள் மறுபடி சிரித்ததில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. என் எழுத்துக்கு நேர்ந்த நஷ்டங்களில் இதுவும் ஒன்று.

முழங்கைக்கு விழுந்த அடி

அன்றைக்குச் சோற்றில் கையை வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "எனக்கு வராது, பச்சை. உங்க அண்ணனே கொண்ணாந்து வைக்கட்டும். அவரே கட்டிக்கட்டும் துணியை."

நிஜமாகவே அழுகை வந்தது. குழம்பு ஊற்ற வந்தவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "துன்னுட்டுப் படு. விடியட்டும்" என்றாள்.

விடிந்ததும் குழியை விட்டுத் தள்ளி, வேப்பமரத்துப் பக்கம் முளையை நட்டோம். நான் குந்தினேன். பச்சையம்மாள் தட்டுப்பலகையோடு வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தாள்.

எங்களில் பெண்கள் சக்கரத்தைத் தொடக் கூடாது. சக்கரத்திலிருந்து இறங்கும்போது பானைக்கு அடி இருக்காது. உள்ளே ஒரு கையில் உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே மறு கையில் பிடித்த பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவதும் வயிற்றைப் பெருக்குவதும் அவர்கள் வேலை. நான் சுற்றிக் கொடுக்கிற கலயங்களைத் தட்டும்போதெல்லாம் அவள் முணுமுணுப்பாள்: "ஒரு பக்கம் அப்பளம், ஒரு பக்கம் அடை." அது வழக்கமான முணுமுணுப்பு என்று நான் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை.

"நீ எதுக்கு இங்க? சக்கரத்தைத் தொடக் கூடாது" என்றேன்.

"சக்கரத்தைத் தொட மாட்டேன். ஒன்னைத் தொடலாமில்ல?"

மண்ணை வைத்துச் சுழற்றினேன். மண் வலது பக்கம் வந்தது. என் கையும் அதன் கூடவே போனது. சொத்தென்று முழங்கையில் விழுந்தது ஓர் அடி.

"ஆ! இன்னாடி!"

"கை நகர்ந்துச்சு."

"மண்ணு நகர்ந்துச்சு, கை நகர்ந்துச்சு!"

"நான் பானை தட்டறப்போ உள்ள கல்லு புடிச்ச கை நகருமா? நகர்ந்தா பானை பொத்துக்கும். நீ ரெண்டு கையாலயும் மண்ணைத் தொரத்திக்கினு ஓடறே. அது ஓடுது, நீயும் ஓடறே. ஒரு கையாவது வூட்டுல இருக்க வேணாமா?"

எனக்குச் சுருக்கென்றது. அகல்காரன் விரல் எப்போதும் மண்ணைத் துரத்துகிற விரல். எலுமிச்சம்பழம் ஓடினால் துரத்திப் பிடித்துவிடலாம். பூசணிக்காயைத் துரத்த முடியாது. அது வரும் வழியில் சும்மா நிற்க வேண்டும். இடது முழங்கையைத் தொடையில் ஊன்றி, கையைச் சுவர் மாதிரி வைத்துவிட்டால், மண் சுற்றிவந்து அதில் முட்டும். மறுபடி முட்டும். முட்டி முட்டி அலுத்துப்போய் ஒதுங்கிக்கொள்ளும். சொல்வதற்கு இவ்வளவுதான். அதைக் கற்றுக்கொள்வதற்குள் என் முழங்கை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

முதலில் ஒரு குடத்து மண், பிறகு பெரிய தவலை அளவு மண் என்று ஏற்றிக்கொண்டே போனோம். மண் கூடக் கூட எனக்குப் பழைய பயம் வந்துவிடும். அமுக்கத் தொடங்குவேன். பலகை விழும். ஏகாம்பரம் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "குழியில உக்காந்திருந்தா அடி படாது" என்று சொல்லிவிட்டுப் போவான்.

ஒரு காலையில் சால் மண்ணையே ஏற்றிச் சுழற்றினேன். ஆடியது. நான் அமுக்கவில்லை. முழங்கையைத் தொடையில் புதைத்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு இருந்தேன். கைக்குள் முட்டல் குறைந்துகொண்டே வந்தது. திடீரென்று ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பார்த்தால் சக்கரம் பறக்கிறது, மேலே மண் சும்மா நிற்கிறது! சுற்றுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

"நின்னுடுச்சு பச்சை, நின்னுடுச்சு!" என்று கத்தினேன்.

கத்தியதில் முழங்கை நகர்ந்தது. சொத்!

வண்டி வந்தது

அந்த மண்ணில் எழுந்த சாலைப் பச்சையம்மாள் நிழலில் போட்டு, பக்குவம் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். தட்டும்போது அப்பளம், அடை என்ற பேச்சே வரவில்லை. நான் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சூளையில் வைத்து நெருப்பு மூட்டிய அன்றைக்கு ஆடிக் காற்று பேய் மாதிரி அடித்தது. எனக்கு உயிரே இல்லை. சூளையைப் பிரித்தபோது சால் சிவக்கச் சிவக்க உட்கார்ந்திருந்தது. வாய் மட்டும் ஒரு பக்கம் சற்றே சாய்வு. அது தெரியாது என்று பச்சையம்மாள் சொன்னாள். தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆடி வெள்ளி வந்தது. சாலை வைக்கோல் பிரியின் மேல் கோயில் வாசலில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். தெருமுனையில் குப்புசாமி மச்சானின் வண்டி திரும்பியது. வண்டி நிறைய வைக்கோல். வைக்கோலுக்கு அடியில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. மாடுகள் இழுக்க முடியாமல் இழுத்தன.

எவ்வளவு பெரிய சாலாக இருந்தால் மாடு இப்படித் திணறும்? தெருவே கூடி நிற்கிறது. நான் வண்டிக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னேன்:

"மச்சான், நீங்க பெரியவரு. உங்க கையைக் கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா உங்க சாலை இந்தத் தெருவுல எறக்கக் கூடாது. இது எங்க வூட்டுப் பாத்தியதை. நான் எழுப்பிட்டேன். அதோ நிக்குது பாருங்க."

அவர் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"எந்தச் சாலு, மாப்ள?"

"நீங்க கொண்ணாந்த சாலு."

"நான் எங்க சாலு கொண்ணாந்தேன்?" அவர் இறங்கி வைக்கோலை அள்ளித் தள்ளினார். அடியில் மண். தாமல் ஏரி மண், கன்னங்கரேலென்று கட்டி கட்டியாக. "சித்திரையில காதுகுத்துக்கு வந்தப்போ தங்கச்சிதானே சொல்லிச்சு. 'எங்க வூட்டுக்காரரு பெரிய பானையெல்லாம் சுத்த ஆரம்பிச்சுட்டாரு, இங்கத்து மண்ணு தாங்கல, ஏரி வத்துறப்போ வெட்டி வையி, ஆடிக்கு வர்றப்போ கொண்டா'ன்னு. நீ எதுக்கு மாப்ள ரயிலுக்குக் கைகாட்டற மாதிரி நிக்கறே?"

சித்திரையில் நான் குடம்கூடச் சுற்றியதில்லை.

நான் திரும்பிப் பச்சையம்மாளைப் பார்த்தேன். அவள் கோயில் கோபுரத்தில் புறா எத்தனை இருக்கிறது என்று மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனிடம் எனக்குப் பெரிய பானை சுற்ற வரும் என்று ஒரு பொய். என்னிடம் அண்ணன் சால் கொண்டுவருகிறார் என்று ஒரு பொய். அந்த இரண்டாவதும் முழங்கைக்கு விழுந்த அடிதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மச்சான் சாலைச் சுற்றி வந்தார். விரல் முட்டியால் தட்டிக் கேட்டார். உள்ளே கையை விட்டுச் சுவரைத் தடவினார்.

"எல்லாப் பக்கமும் ஒரே கனமா இருக்குது" என்றார். பிறகு வாயைப் பார்த்தார். "இங்க கொஞ்சம் தூங்கிட்டே போல இருக்குது."

"அது நான் கத்துனது" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

கூழ் வர ஆரம்பித்தது. ஒவ்வொரு வீட்டுப் பானையும் கவிழக் கவிழ, எங்கே விரிசல் விடுமோ என்று என் கண் சாலை விட்டு நகரவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து வந்த ஏகாம்பரம் வீட்டுக் கூழ்தான் கடைசி. அது விளிம்பு வரை ஏறி, சாய்ந்த வாய் வழியாக வழிந்து, நேராக அவன் காலிலேயே கொட்டியது. அவன் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே எல்லாரிடமும் சொன்னான்: "குழி என் யோசனைபா. அதுல விழுந்தப்புறம்தான் அவனுக்கு வித்தை வந்துச்சு."

சால் விரியவில்லை. மஞ்சள் துணியை என் தலையில் கட்டினார்கள். முதல் கரண்டிக் கூழைக் கையில் வாங்கியபோது என்னால் குடிக்க முடியவில்லை. சூடாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். வண்டி மண்ணை எங்கே கொட்டி ஊறவைப்பது என்று மச்சான் கேட்டார். முற்றத்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. ஏகாம்பரத்தின் குழியில் கொட்டினோம், அளவு தைத்த மாதிரி அடங்கியது. மச்சான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

மஞ்சள் துணியை அவிழ்க்காமலே நான் பச்சையம்மாள் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏண்டி, அண்ணன் கொண்டாரலேன்னு ஒனக்குத் தெரியும். எனக்கும் வராமப் போயிருந்தா? கூழெல்லாம் காய்ச்சி எடுத்துக்கினு தெருவே வந்து நின்னிருக்குமே. இன்னா பண்ணியிருப்பே?"

அவள் குடத்தைச் சாய்த்து மண்ணின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"அதுக்குத்தான் குழி வெட்டி வச்சிருந்தியே. ரெண்டு பேருமா எறங்கி உக்காந்திருப்போம்."